முதலில் மைதானம், பிறகு விமானம்

ரிமோட் விமானம் வாங்க வேண்டும், எது நல்லது என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது ஒரே கேள்விதான்: "எங்கே பறக்கவிடப் போறீங்க?" பெரும்பாலும் சட்டென்று பதில் வராது. மொட்டை மாடி என்பார்கள். பீச் என்பார்கள். லீவுக்கு ஊருக்குப் போகும்போது வயக்காட்டில் விட்டுக்கொள்ளலாம் என்பார்கள். விலை அத்துப்படி, இறக்கையின் நீளம் அத்துப்படி, ஒரு சார்ஜுக்கு எத்தனை நிமிடம் பறக்கும் என்பதையும் யூடியூபில் பார்த்து வைத்திருப்பார்கள். இடத்தை மட்டும் யோசித்திருக்க மாட்டார்கள்.

நாங்கள் பையன்களாக இருந்தபோது நிலைமை அப்படியே தலைகீழ். இடத்துக்குப் பஞ்சமே இல்லை, விமானம்தான் கிடையாது.

1970-களின் சென்னையைச் சொல்கிறேன். பள்ளிக்கூட மைதானத்துக்கு மதில் இருக்கும், கேட்டுக்குப் பூட்டு இருக்காது. வேளச்சேரியும் மடிப்பாக்கமும் அப்போது ஏரியும் வயலுமாகக் கிடந்தன. அறுப்பு முடிந்த வயலில் யாரையும் கேட்காமல் இறங்கலாம். மாடு மேய்க்கிற பெரியவர் மட்டும் "மாடு மிரளாம பார்த்துக்கங்கப்பா" என்பார். கோடையில் ஏரி வற்றிவிட்டால் பாளம் பாளமாக வெடித்த தரை, குறுக்கே ஒரு மரம்கூட இல்லாமல் கரை வரைக்கும் விரிந்திருக்கும். ரிமோட் விமானத்துக்கு அதைவிட நல்ல இடம் இந்த உலகத்தில் எங்கும் இருக்க முடியாது. அந்த இடத்தில் நாங்கள் காற்றாடி விட்டுக்கொண்டிருந்தோம்.

விமானம் வேண்டுமென்றால் செய்ய வேண்டும். செய்வதற்கு வரைபடம் வேண்டும். மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளில் 'ஏரோமாடலர்' என்ற இங்கிலாந்துப் பத்திரிகையின் பழைய இதழ்கள் எப்போதாவது கண்ணில் படும். நடுவில் மடித்து வைத்த பிளான் கிழியாமல் இருந்தால் அன்றைக்கு யோகம். 1985-ல் மூர் மார்க்கெட் தீயில் போனபோது ஊரே அதைப் பற்றிப் பேசியது. என் மனதில் ஓடியது அந்தப் பிளான்கள்தான்.

பால்சா மரம் ஈக்வடார் பக்கத்திலிருந்து வர வேண்டும். என்.சி.சி. விமானப் பிரிவில் சேர்ந்த பிறகுதான் நான் அதை முதன்முதலில் கையில் எடுத்தேன். மரம் என்று நம்பவே முடியாத அளவுக்குக் கனமற்ற பலகை. பிளேடால் ஒவ்வொரு விலா எலும்பாக வெட்டி, பிளான் மேல் குண்டூசியால் நிறுத்தி, பசை காயும்வரை காத்திருந்து, மேலே டிஷ்யூ தாளை ஒட்டி, தண்ணீரைத் தெளித்து உலரவிட்டால் தாள் விறைத்துக்கொள்ளும். அதன்மேல் டோப் என்ற வார்னிஷைப் பூச வேண்டும். டோப்பின் நெடி ஒரு வாரத்துக்கு வீட்டை விட்டுப் போகாது. இவ்வளவும் முடிந்தால் இருப்பது ஓர் இறக்கை. இன்னும் உடலும் வாலும் பாக்கி.

எஞ்சின் கல்கத்தாவில் தயாரான அரோரா டீசல். டீசல் என்றதும் பெட்ரோல் பங்கை நினைக்க வேண்டாம். அதன் எரிபொருள் ஈதர், மண்ணெண்ணெய், விளக்கெண்ணெய் மூன்றும் சேர்ந்த கலவை. ஸ்பார்க் பிளக் கிடையாது. தலையில் ஒரு திருகு இருக்கும், அதை இறுக்க இறுக்க உள்ளே அழுத்தம் கூடும். புரொப்பல்லரை ஆள்காட்டி விரலால் சுண்ட வேண்டும். திருகைக் கால் சுற்று இறுக்கு, சுண்டு. கொஞ்சம் தளர்த்து, சுண்டு. எஞ்சின் பிடிக்கும்போது சில சமயம் பின்பக்கமாக உதைக்கும். அந்த அடி நகத்துக்கடியில் ரத்தம் கட்டவைத்துவிடும். பிடித்துவிட்டாலோ மைதானம் முழுக்கக் கேட்கும் ஓர் அலறல், கூடவே விளக்கெண்ணெய்ப் புகை.

விமானத்தின் இடது இறக்கையிலிருந்து இரண்டு மெல்லிய எஃகுக் கம்பிகள் புறப்பட்டு, சுமார் 15 மீட்டர் தள்ளி நடுவில் நிற்பவர் கையிலுள்ள பிடியில் முடியும். பிடியை மேலே சாய்த்தால் மூக்கு ஏறும், கீழே சாய்த்தால் இறங்கும். ஜிம் வாக்கர் என்ற அமெரிக்கர் 1940-களில் பிரபலமாக்கிய முறை இது. கண்ட்ரோல் லைன் என்போம். 80 கிலோமீட்டர் வேகத்தில் அது வட்டமடிக்கும்போது 4 விநாடிக்கு ஒரு சுற்று. நடுவில் நிற்பவரும் கூடவே சுற்ற வேண்டும். மைதானமும் மரமும் கட்டடமும் ஒரே பச்சை, பழுப்புக் கோடுகளாகக் கலைந்துவிடும். அசையாமல் தெரிவது விமானம் ஒன்றுதான். அதிலிருந்து கண்ணை எடுத்தால் தலை சுற்றிக் கீழே விழ வேண்டியதுதான். டேங்க் காலியாக மூன்று, நான்கு நிமிடம். பிறகு வரிசையில் அடுத்த கேடட்.

கம்பியே இல்லாமல் ரேடியோவில் ஓட்டலாம் என்பது எங்களுக்குத் தெரியும். அமெரிக்காவில் வால்டர் குட், வில்லியம் குட் என்ற இரட்டைச் சகோதரர்கள் 1937-லேயே அதைச் செய்துவிட்டார்கள். ஆனால் நம் நாட்டில் 1933-ஆம் ஆண்டு கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி ரேடியோ கருவியை வைத்திருக்கவே லைசென்ஸ் வேண்டும். வீட்டில் பாட்டு கேட்கிற ரேடியோவுக்கே தபால் ஆபீசில் பணம் கட்டிய காலம் அது. வெளிநாட்டிலிருந்து ரேடியோ செட் வரவழைப்பது, சுங்கம் கட்டுவது, லைசென்ஸ் வாங்குவது எல்லாம் எங்கள் வீடுகளில் பேசக்கூட முடியாத விஷயம்.

மின்சார விமானம் என்றால் அதற்கும் மேலே. அதை நாங்கள் நம்பவே இல்லை. நம்பாததற்குக் காரணம் இருந்தது. 1957 ஜூன் 30-ஆம் தேதி இங்கிலாந்தில் கர்னல் டாப்ளின் என்பவர் 'ரேடியோ குயீன்' என்ற மாடலில் மின்மோட்டாரைப் பொருத்திப் பறக்கவிட்டார். பதிவான முதல் மின்சார ரேடியோ விமானம் அதுதான். அவர் போட்டது வெள்ளி-துத்தநாக பேட்டரி. சாதாரண ஆள் வாங்கக்கூடிய பொருளல்ல. ஜெர்மனியில் கிராப்னர் கம்பெனிக்கு மாடல்கள் வடிவமைத்த ஃப்ரெட் மிலிட்கி விடாப்பிடியாக இதன் பின்னால் அலைந்தார். 1973 அக்டோபர் 21-ல் ஆஸ்திரியாவில் மனிதன் ஏறிப் பறந்த முதல் மின்சார விமானம் அவருடைய முயற்சியில் உருவானதே. சின்ன மாடல்களில் ஆரம்பித்த ஒருவர் மனிதனையே மின்சாரத்தில் ஏற்றிவிட்டார். ஆனாலும் அதற்குப் பிறகு கால் நூற்றாண்டுக்கு மாடல் உலகத்தில் மின்சாரம் பின்வரிசையில்தான் இருந்தது. நிக்கல்-காட்மியம் செல் ஏழு சேர்த்து ஒரு பேக் கட்டினால் ஏறக்குறைய 400 கிராம். அதைத் தூக்கவே பாதி சக்தி போய்விடும். மிச்சமிருப்பதில் ஐந்து நிமிடம் தத்தித் தத்திப் பறக்கும்.

இதையெல்லாம் மாற்றியது யார் என்று கேட்டால், விமானத்தைப் பற்றிக் கனவிலும் நினைக்காதவர்கள். செல்போனை மெலிதாக்க வேண்டும் என்று உழைத்தவர்களால் லித்தியம் பாலிமர் பேட்டரி நம் கைக்கு வந்தது. இன்று 11.1 வோல்ட், 2200 மில்லி ஆம்பியர்-மணி பேக் ஒன்று 200 கிராமைத் தொடாது. அந்த 400 கிராம் பழைய பேக்கைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் மின்சாரம் அதில் இருக்கிறது. சிடி டிரைவைச் சுழற்றிய மோட்டாரைப் பிரித்து, வேறு கம்பி சுற்றி, சக்திவாய்ந்த காந்தம் வைத்து விமானத்தில் பூட்டிப் பார்த்தார்கள் சில ஆர்வலர்கள். இன்று ரிச்சி தெருவில் அள்ளிப் போட்டு விற்கும் பிரஷ்லெஸ் மோட்டார்களில் பல அந்த வம்சம். போனைச் சாய்த்தால் படம் திரும்புகிறதே, அதற்காக மலிவாக்கப்பட்ட சென்சார்கள்தான் இப்போது விமானத்தை நிமிர்த்திப் பிடிக்கின்றன.

ரேடியோவின் கதையும் அப்படித்தான். 2005-ல் இரண்டு விஷயங்கள் நடந்தன. அந்த ஆண்டு ஜனவரியில் இந்திய அரசு 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் குறைந்த சக்தியில் இயங்கும் கருவிகளுக்கு லைசென்ஸ் தேவையில்லை என்றது. மனதில் இருந்தது வைஃபை. அதே ஆண்டில் அமெரிக்காவில் ஸ்பெக்ட்ரம் டிஎக்ஸ்6 என்ற ட்ரான்ஸ்மிட்டர் அதே அலைவரிசையில் சின்ன மின்சார விமானங்களுக்கென்றே வந்தது. அதற்கு முன்பு ஒரே மைதானத்தில் இரண்டு பேர் ஒரே சேனலில் சுவிட்ச் போட்டால் ஒருவருடைய விமானம் விழும். யார் எந்தச் சேனலுக்கான கிரிஸ்டல் வைத்திருக்கிறார் என்று பலகையில் கிளிப் மாட்டி வைப்பார்கள். இப்போது பத்துப் பேர் பக்கத்தில் பக்கத்தில் நின்று ஓட்டினாலும் ஒன்றும் ஆகாது. எங்களுக்கு எட்டாக்கனியாக இருந்த ரேடியோ இன்று ஒரு செருப்பு டப்பா அளவில், பேட்டரியோடு, விமானத்தோடு, கூரியரில் வீட்டு வாசலுக்கு வருகிறது.

அப்படித்தான் என் அக்கா பேத்தி போனை நீட்டிக்கொண்டு வந்தாள். எட்டாம் வகுப்பு படிக்கிறாள்.

"தாத்தா, இதைப் பாருங்களேன். ரஃபேல். நிஜ ஜெட் மாதிரியே சத்தம் வருது."

"நல்லாத்தாம்மா இருக்கு. எங்க விடப் போறே?"

"எங்க ஸ்கூல் கிரவுண்டுல. பி.டி. சார்கிட்ட கேட்டுட்டேன். ஞாயித்துக்கிழமை காலையில விடலாமாம்."

முதல் கேள்விக்கே பதில் வைத்திருந்த குழந்தை என்பதால் எனக்குப் பெரிய சந்தோஷம். அன்றே போய்க் காலால் அளந்து பார்த்தோம். நீளவாக்கில் 80 மீட்டர், குறுக்கே 50. இரண்டு பக்கம் வேப்பமரங்கள், ஒரு பக்கம் மூன்று மாடிக் கட்டடம், இன்னொரு பக்கம் மதிலும் தெருவும். நகரத்துப் பள்ளி ஒன்றுக்கு இது நல்ல மைதானம் என்றே சொல்ல வேண்டும்.

அங்கேயே மண்ணில் குச்சியால் கணக்குப் போட்டுக் காட்டினேன். கணக்கு எளிது. விமானத்தின் எடையைக் கிராமில் எடுத்துக்கொள்ள வேண்டும். இறக்கையைப் பத்து சென்டிமீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் கட்டங்களாகப் பிரித்தால் எத்தனை கட்டம் வரும் என்று பார்க்க வேண்டும். எடையைக் கட்டங்களின் எண்ணிக்கையால் வகுத்தால் வருவது ஒரு கட்டம் சுமக்கிற எடை. இறக்கைச் சுமை என்பது இதுதான். கட்டத்துக்கு 10 கிராமுக்குள் இருந்தால் விமானம் தோராயமாக 14, 15 கிலோமீட்டர் வேகத்திலேயே மிதந்துகொண்டிருக்கும்; அதற்குக் கீழே போனால்தான் இறக்கை தாங்காமல் விழும். 25 கிராம் என்றால் அந்த எல்லை 23 கிலோமீட்டருக்குப் போகும். ஃபோமில் செய்த ஜெட்டுகளில் 60 கிராமும் அதற்கு மேலும் உண்டு. அவற்றுக்கு 36 கிலோமீட்டர் வேகமாவது இல்லாமல் காற்றில் நிற்க முடியாது. சுமை நாலு மடங்கானால் வேகம் இரண்டு மடங்காகியே தீரும். எந்தக் கம்பெனி விளம்பரமும் இதை மாற்ற முடியாது.

இதெல்லாம் விழாமல் இருப்பதற்கான வேகம் மட்டுமே. நிதானமாக ஓட்ட அதைப்போல் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு வேண்டும். ரஃபேல் 70 கிலோமீட்டர் வேகத்தில் போனால் அந்த 80 மீட்டரை 4 விநாடியில் தாண்டிவிடும். கிளப்பி, ஏற்றி, திருப்ப வேண்டும் என்று நினைப்பதற்குள் மூன்றாவது மாடி வந்துவிடும். மெதுவான விமானத்துக்கு அதே தூரம் 12 விநாடி. பழகுகிற பிள்ளைக்கு அந்த 12 விநாடிதான் எல்லாமே. தப்பாகத் திருப்பினோம் என்று கண் பார்த்து, மூளை புரிந்து, கை சரிசெய்ய அவ்வளவு நேரம் வேண்டும்.

"அப்ப பொம்மை மாதிரி இருக்கறதத்தான் வாங்கணுமா, தாத்தா?"

அவளுக்கு முகம் வாடிவிட்டது. ரஃபேல் கேட்ட குழந்தையிடம் மேல் இறக்கை வைத்த, நீண்ட வாலுள்ள, மஞ்சள் நிறச் சின்ன விமானத்தைக் காட்டினால் வேறெப்படி இருக்கும்? அப்போதுதான் அல்போன்ஸ் பெனோவைப் பற்றிச் சொன்னேன்.

1871 ஆகஸ்ட் 18. பாரிஸில் துய்லெரி தோட்டம். பெனோவுக்கு அப்போது 21 வயது. முறுக்கிய ரப்பரால் இயங்கும் ஒரு மாடலைக் கையிலிருந்து விட்டார். 11 விநாடியில் 40 மீட்டர் பறந்தது. இறக்கையின் நீளம் சுமார் 45 சென்டிமீட்டர், எடை 16 கிராம். இறக்கையின் நுனிகளைக் கொஞ்சம் மேல்நோக்கி வளைத்திருந்தார். வாலை ஒரு சிறு கோணத்தில் தாழ்த்தி வைத்திருந்தார். புரொப்பல்லர் பின்பக்கம். ஒரு பக்கம் சாய்ந்தால் வளைந்த இறக்கை அதைத் தானே நிமிர்த்தும். மூக்கு குத்தினால் வால் அதைத் தூக்கிவிடும். ஓட்ட ஆளில்லாமலேயே நிலையாகப் பறந்த விமானம். ரைட் சகோதரர்களுக்கு 32 வருடம் முந்தியது.

இன்று கடையில் கற்றுக்குட்டிகளுக்கென்று விற்கும் மிகச் சிறிய விமானங்களைப் பாருங்கள். ஹாபிஸோன் சாம்ப் என்ற புகழ்பெற்ற மாடலின் இறக்கை அரை மீட்டருக்குச் சற்று அதிகம், எடை 40 கிராமுக்குள். உள்ளே ரேடியோ ரிசீவர், மோட்டார், ஏறக்குறைய 5 கிராமில் ஒரு பேட்டரி. இறக்கையில் அதே மேல்நோக்கிய வளைவு. ஜெர்மனியின் மல்ட்டிப்ளெக்ஸ் கம்பெனி 2000-களில் கொண்டுவந்த ஈஸி ஸ்டார் இன்னும் பெரியது, 1.4 மீட்டருக்குச் சற்றுக் குறைவு. அதில் புரொப்பல்லர் இறக்கைக்குப் பின்னால் இருப்பதால் மூக்கு தரையில் குத்தினாலும் ஒன்றும் உடையாது. 150 வருடத் தொழில்நுட்பமும் சேர்ந்து கடைசியில் பெனோவின் வடிவத்துக்கே வந்து நிற்கிறது. பொம்மை மாதிரி இருக்கிறது என்பதற்காக அந்த வடிவத்தை ஒதுக்குகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கும். விமானம் என்ற ஒன்று முதன்முதலில் ஒழுங்காகப் பறந்தது அந்த வடிவத்தில்தான்.

அவள் கேட்டுக்கொண்டாள். 40 கிராம் வகையிலேயே ஒன்றை வாங்கினோம். வாங்கும்போது நான் பார்த்தவற்றைச் சொல்கிறேன், பயன்படும்.

எலிவேட்டர் இருக்கிறதா என்பது முதலில். மலிவு விலைத் தெர்மாகோல் விமானங்கள் பலவற்றில் வாலில் அசையும் பாகமே கிடையாது. இரண்டு மோட்டாரில் ஒன்றை வேகமாகச் சுழற்றித் திருப்புவார்கள், மூக்கை ஏற்றி இறக்க வழியில்லை. அதில் விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ள முடியாது. மோட்டார் வேகம், ரட்டர், எலிவேட்டர் என்று மூன்று கட்டுப்பாடு இருந்தால் போதும். இறக்கை மேல்நோக்கி வளைந்திருந்தால் ரட்டரைத் திருப்பினாலே விமானம் அழகாகச் சாய்ந்து திரும்பும். இறக்கையில் எய்லரான் வைத்தது அடுத்த விமானமாக இருக்கட்டும்.

கைரோ பற்றி எங்கள் வயசுக்காரர்களுக்குள் சண்டையே உண்டு. ஸ்டிக்கை விட்டுவிட்டால் விமானம் தானே நிமிர்ந்துகொள்கிறது, இதில் என்ன கற்றுக்கொள்வார்கள் என்று கேட்பார்கள். நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். பெனோ இறக்கையை வளைத்துச் செய்ததைத்தான் இங்கே ஒரு சிப் செய்கிறது. பிள்ளைகளின் முதல் வாரத்தைக் கைரோ காப்பாற்றித் தரட்டும். ஆனால் வேண்டும்போது அதை அணைக்கிற சுவிட்ச் ட்ரான்ஸ்மிட்டரில் இருக்க வேண்டும். அந்த சுவிட்ச் இல்லாத மாடலை வாங்காதீர்கள்.

உதிரி பாகம் கிடைக்கிறதா? புரொப்பல்லர், பேட்டரி இரண்டும் தனியாக விற்கிற மாடலாகப் பாருங்கள். புரொப்பல்லர் உடைந்து, மாற்று கிடைக்காமல் அலமாரியில் தூங்குகிற விமானங்கள் எத்தனையோ வீடுகளில் உண்டு. இறக்கை எந்த ஃபோம் என்பதையும் கேளுங்கள். ஈபிஓ ஃபோம் என்றால் ஃபெவிக்விக் போட்டு ஒட்டலாம். வெறும் தெர்மாகோலில் ஃபெவிக்விக் பட்டால் ஒட்ட வேண்டிய இடமே கரைந்து ஓட்டையாகிவிடும். அதற்கு ஃபோமுக்கென்று வரும் பசையோ டேப்போதான்.

பேட்டரியில் மட்டும் அசட்டை கூடாது. லித்தியம் பாலிமர் செல் ஒன்று முழுசாக ஏறினால் 4.2 வோல்ட். அப்படியே நாள்கணக்கில் வைத்தால் கெட்டுவிடும். பறக்காத நாட்களில் 3.8 வோல்ட்டில் வைக்க வேண்டும். 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அதன் ஆயுள் முடிந்தது. ஆளில்லாத அறையில் சார்ஜ் போடக் கூடாது, ராத்திரி தூங்கும்போது கூடவே கூடாது. அப்பளம் மாதிரி உப்பிய பேட்டரியை இன்னொரு தடவை பயன்படுத்திப் பார்க்கலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இந்தச் சின்ன வகையின் பலவீனத்தையும் சொல்லிவிட வேண்டும். காற்றைத் தாங்காது. 14 கிலோமீட்டரில் மிதக்கிற விமானத்தை 14 கிலோமீட்டர் காற்று நின்ற இடத்திலேயே நிறுத்திவிடும், அதற்கு மேல் அடித்தால் பின்னால் தள்ளிக்கொண்டு போகும். சென்னையில் கடற்காற்று கிளம்புவதற்கு முன்பு, விடிந்து ஒன்றிரண்டு மணி நேரம்தான் அதற்கான வேளை. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிற நாட்டில் ஆடி மாதம் முழுக்க அது பெட்டிக்குள்ளேயே இருக்கலாம். ஊர்ப்பக்கம் பெரிய வெளி இருக்கிறவர்கள் ஒரு மீட்டர், ஒன்றே கால் மீட்டர் இறக்கையுள்ள, பின்பக்கப் புரொப்பல்லர் வகையை எடுத்துக்கொள்ளலாம். கொஞ்சம் காற்றையும் அது சமாளிக்கும், உயரத்தில் கண்ணுக்கும் நன்றாகத் தெரியும். நகரத்துப் பள்ளி மைதானத்துக்கு அது சரிப்படாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வேப்பிலை அசையவில்லை. அவள் வீட்டிலேயே கம்ப்யூட்டர் சிமுலேட்டரில் பழகியிருந்தாள். விமானம் நம்மைப் பார்த்து வரும்போது இடம் வலமாக மாறித் தெரியும். எல்லாரும் தடுமாறுகிற இடம் அதுதான். அப்போது எந்த இறக்கை தாழ்ந்திருக்கிறதோ அந்தப் பக்கம் ஸ்டிக்கைத் தள்ளினால் நிமிர்ந்துவிடும் என்று மட்டும் சொல்லியிருந்தேன். இரண்டு விரலை இறக்கைக்கு அடியில் கொடுத்துத் தூக்கிப் பார்த்தாள். மூக்கு லேசாகத் தாழ்ந்து நின்றது. அதுதான் சரி. சுக்கான்கள் ஸ்டிக்குக்குச் சரியாக அசைகின்றனவா என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள். நான் கையை உயர்த்தி விமானத்தைத் தரைக்கு மட்டமாக விட்டேன்.

மோட்டார் சத்தம் தேனீ அளவுதான். அது கட்டடத்தை நோக்கிப் போய், திரும்பி, வேப்பமர வரிசைக்கு இணையாக வந்தது. "வலது இறக்கை கீழே" என்று அவளே முணுமுணுத்துக்கொண்டு ஸ்டிக்கைத் தள்ளினாள். நிமிர்ந்தது. இன்னொரு சுற்று. இரண்டாவது பேட்டரியில் மதிலோரம் தாழப் பறந்து, மண்ணில் மூக்கைத் தேய்த்துக்கொண்டு நின்றது. ஓடிப்போய் எடுத்துப் பார்த்தாள். புரொப்பல்லர் கழன்று பக்கத்தில் கிடந்தது. அதை அப்படியே திரும்பச் செருகினாள். இறக்கையின் முன்விளிம்பில் நகக்கண் அளவுக்கு ஒரு நசுங்கல். அவ்வளவுதான் சேதம். பால்சாவில் செய்த விமானம் அந்த வேகத்தில் மோதியிருந்தால் திரும்பவும் பிளேடையும் பசையையும் எடுத்து உட்கார வேண்டியிருந்திருக்கும். 40 கிராம் என்பது மோதும்போதும் 40 கிராம்தான். அதனால்தான் முதல் விமானம் எடை குறைவாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொருவரிடமும் மன்றாடுகிறேன்.

சட்டமும் இப்போது நம் பக்கம் இருக்கிறது. 2021-ஆம் ஆண்டு ட்ரோன் விதிகளின்படி பொழுதுபோக்குக்காகவும் படிப்புக்காகவும் கண்பார்வைக்குள் பறக்கவிடுகிற, 25 கிலோவுக்கு மேற்படாத மாடல் விமானத்துக்கு வகைச் சான்றிதழ் தேவையில்லை. 250 கிராமுக்கு உட்பட்டதை ஓட்ட பைலட் லைசென்ஸும் தேவையில்லை. அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பச்சையாகக் காட்டும் இடமென்றால் 120 மீட்டர் உயரம் வரை முன் அனுமதியும் வேண்டாம். ஆனால் வரைபடத்தை அவசியம் பாருங்கள். மீனம்பாக்கம் விமான நிலையம், தாம்பரம் விமானப்படைத் தளம், கல்பாக்கம் அணுமின் நிலையம் இவற்றின் சுற்றுவட்டாரத்தில் இருப்பவர்களுக்கு விதி வேறு. 40 கிராம்தானே என்று அங்கே இறங்கக் கூடாது.

ரேடியோவுக்கு லைசென்ஸ் போயிற்று. பால்சாவுக்கு ஈக்வடாரைப் பார்த்துக் காத்திருந்தது போயிற்று. ஈதரும் விளக்கெண்ணெயும் போயின. பிள்ளைகள் பறக்கவிட எங்கள் தலைமுறைக்கு இல்லாதவை எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. எங்களுக்கு இருந்தது மட்டும் இல்லாமல் போய்விட்டது. மடிப்பாக்கம் வயல்களில் இன்று அடுக்குமாடி வீடுகள் நிற்கின்றன. மிஞ்சியிருக்கிற பெரிய திறந்தவெளி எது என்று பார்த்தால், பெரும்பாலான பேட்டைகளில் அது பள்ளி மைதானம். ஞாயிற்றுக்கிழமை காலையில் அது பூட்டிக் கிடக்கிறது.

ஆகவே தலைமை ஆசிரியர்களுக்கும் பள்ளி நிர்வாகங்களுக்கும் என் வேண்டுகோள் இது. பெற்றோர் எழுதிக் கேட்டால், பொறுப்பான பெரியவர் ஒருவர் கூட இருப்பதாக உறுதி கொடுத்தால், 250 கிராமுக்குக் குறைவான விமானங்களுக்கு மட்டும், ஞாயிறு காலை ஆறு மணியிலிருந்து எட்டு மணி வரை மைதானத்தைத் திறந்துவிடுங்கள். உங்களுக்கு ஒரு செலவும் இல்லை. கேட்டின் சாவியோடு ஒரு வாட்ச்மேன் இருந்தால் போதும்.